வட்டைக்குள் நடக்கும் கலை விழாவுக்கு நம் பிள்ளைகள் இந்த முறையும் போக வேண்டும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர்ச் சொந்தங்கள் பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு வட்ஸ்அப் குழுமத்தில் சண்டை பிடிக்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

கடந்த வருடம் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, பக்கத்து வட்டையில் ஒரு பண்ணையில் திறந்தவெளிக் கலை விழா ஒன்று நடந்தது. நம் பாடசாலைப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை அதற்கு அழைத்துப் போனவர்கள் நாங்கள்தான். இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. சென்ற கிழமை பெற்றார் கூட்டத்தில் பாதிப்பேர் "வேணாம்" என்றார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்கள். எங்களுக்கு அது கவலை. ஆனால் கோபமில்லை. ஏனென்றால் போன வருடம் நாங்களும் சில பிழைகள் விட்டோம். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

முதலில், என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்கு.

பண்ணை நம் வட்டைக்கு எல்லையாக இருக்கிறது. சொந்தக்காரர் ஒரு தமிழ் விவசாயி. நெற்காணி, தென்னை, கொஞ்சம் மாடுகள். மட்டக்களப்பிலிருந்து ஓவியம் படிக்கும் இளைஞர்கள் சிலர் அவரிடம் வந்து, வயல் வெறுமையாகக் கிடக்கும் இரண்டு நாளைக்கு இடம் கேட்டார்கள். அவர் ஓம் என்றார். சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பிரதம அதிதி இல்லை, பொன்னாடை இல்லை. இரண்டே நிபந்தனைதான். வயலிலும் வீட்டிலும் கிடைக்கிற பொருளை வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும். முடிந்து போகும்போது, உக்கிப் போகாத எதையும் வயலில் விட்டுப் போகக் கூடாது.

என்ன செய்வது என்று தரம் 9, 10 பிள்ளைகளிடம் கேட்டோம். முதலில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒரு மாணவி, "சேர், பரண் கட்டுவமா?" என்றாள். அவளுடைய மூத்தாப்பா இரவில் பன்றிக் காவலுக்குப் பரணில் படுத்த கதையை வீட்டில் கேட்டிருக்கிறாள். வகுப்பில் மற்றவர்களிடம் பரணைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டபோது நான்கு பேர்தான் கை உயர்த்தினார்கள். அத்தனை பேரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அறுக்கும் மெசின் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சூடும் தெரியாது, களவெட்டியும் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை. நாம் காட்டவில்லை.

அந்த மூத்தாப்பாவே வந்து கட்டிக் காட்டினார். ஆணி அடிக்க விடவில்லை. எல்லாம் கயிற்றுக் கட்டு. எந்தப் பக்கம் காற்று வரும், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். கணிதப் பாடத்தில் தூங்கும் பையன்கள் இரண்டு பேர், கம்பு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அவரோடு வாதாடிக்கொண்டு நின்றார்கள்.

சுற்றிக் கட்டுவதற்கு வீடுகளில் கிடந்த பழைய பன் பாய்களைக் கொண்டுவந்தார்கள். பல பாய்கள் கிழிந்திருந்தன. கிழிந்த இடங்களை மாணவிகள் புதுப் பன் வைத்துப் பின்னினார்கள். சாயம் போடாமல் அப்படியே விட்டார்கள், எங்கே பொத்தியது என்று தெரிய வேண்டுமாம். பரணுக்குள்ளே, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய வயல் சொற்களைப் பழைய சாக்குத் துண்டுகளில் எழுதித் தொங்கவிட்டார்கள். உப்பட்டி, பொலி, வக்கடை, களவெட்டி, அவணம், மரைக்கால் என்று அறுபதுக்கு மேல் சேர்ந்தன. பாதிச் சொல் எங்களுக்கே புதிது.

இரண்டாம் நாள் பண்ணைக்காரருடைய உம்மா வந்தார். நல்ல வயது. ஏணியில் ஏற முடியவில்லை. பரணின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளை ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, விடுபட்ட மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுத்தார். அந்த நேரம் நம் மாணவி ஒருத்தியின் மூத்தம்மாவும் அங்கே இருந்தார். பேச்சோடு பேச்சாக அவர் ஒரு கவியின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் யோசிக்காமல் மறுபாதியைச் சொன்னார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் கருத்துக் கேட்டபோது இருவருமே சொல்ல மறுத்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கவிகள் எதைப் பற்றியவை என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கும்.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்குள் வந்தது வேறு.

யாரோ எடுத்த ஒரு படம், ஓரங்கள் வெட்டப்பட்டு வட்ஸ்அப்பில் சுற்றியது. பரண் இல்லை, பாய் இல்லை, மூத்தம்மா இல்லை. மூன்று மாணவிகள் சிரித்துக்கொண்டு நிற்பதும், பின்னால் வேறு பாடசாலைப் பையன்கள் சிலர் நிற்பதும் மட்டும்தான். மேலே எழுதியிருந்ததை இங்கே திருப்பி எழுத மாட்டோம். அந்த மூன்று பேரில் ஒருத்திதான் பரண் கட்டலாம் என்று முதலில் சொன்னவள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் க.பொ.த. சாதாரண தரத்துக்கு எடுத்திருந்த சித்திரப் பாடத்தை விட்டுவிட்டு வேறு பாடத்துக்கு மாறினாள். "வாப்பா சொன்னார்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் பிழைகள் இவை. படம் எடுப்பது பற்றி யாரோடும் முன்கூட்டிப் பேசவில்லை. பெற்றாரிடம் கையெழுத்து வாங்கினோம், ஆனால் என்ன நடக்கப் போகிறது என்று விளக்கவில்லை. உம்மாமாரை அழைக்கவில்லை. தற்செயலாக வந்தவர்கள்தான் வந்தார்கள். முதல் நாள் அஸர் தொழுகைக்கு இடம் ஒழுங்கு பண்ணப் பிந்திவிட்டது. மாணவிகளுக்கு மலசலகூட வசதி போதாது. இதற்காக அந்தப் பெற்றாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இங்கே பொதுவிலும் கேட்கிறோம்.

ஆனாலும் பிழையைத் திருத்துவது ஒன்று, போகாமலே விடுவது வேறொன்று. சென்ற கிழமை எழுந்த கேள்விகளுக்கு எங்களுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறோம்.

"உருவம் செய்வது ஹராம்தானே?" நியாயமான கேள்வி. உயிருள்ளவற்றின் உருவம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு கதவை மூடும்போதே இன்னொரு கதவைத் திறந்து காட்டினார்கள். அந்தக் கதவால் போனவர்கள்தான் எழுத்தணிக் கலையையும் கோலவடிவங்களையும் உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஸ்பெயினில் கிரனடாவிலுள்ள அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களைப் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் மூத்தம்மாமார் பன் பாயில் போட்ட கட்டங்களும், மருதமுனைத் தறியில் நெய்த கரைகளும் அதே வழிதான். போன வருடம் இன்னொரு பாடசாலைப் பிள்ளைகள் வைக்கோலும் மண்ணும் சேர்த்து ஓர் எருமைக் கடா செய்தார்கள். நம் பிள்ளைகள் பார்த்தார்கள். தாங்கள் செய்தது பரண். இந்த முறை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போதே நம் மௌலவிமாரும் கூட இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். எல்லாம் முடிந்த பிறகு தீர்ப்புக் கேட்பதைவிட அது நல்லது.

"பொம்பிளப் புள்ளைகள் வட்டைக்குள்ள என்னத்துக்கு?" இதைக் கேட்டவர் நம் மரியாதைக்குரியவர். அவருக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். புல் பிடுங்கியவர்கள், கதிர் பொறுக்கியவர்கள், விதைநெல் காயவைத்துக் காத்தவர்கள் நம் உம்மாமார்தான். வயலுக்கு வேலை இருந்த நாளில் அவர்களை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒழுக்கம் பற்றிய அக்கறை எங்களுக்கும் உண்டு. அதற்கு வழி உம்மாமாரையும் கூட்டிப் போவது. அவர்கள் வந்தால் காவலுக்கு மட்டும் வரமாட்டார்கள். கற்றுக் கொடுக்கவும் வருவார்கள். பாய் பின்ன எங்களுக்கா தெரியும்?

"மாவடிப்பள்ளியை மறந்துட்டீங்களா?" கூட்டத்தில் ஒரு உம்மா இப்படிக் கேட்டபோது மண்டபமே அமைதியானது. மறக்கவில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போன அந்த மத்ரஸாப் பிள்ளைகளை அம்பாறை மாவட்டத்தில் எந்த ஆசிரியரால் மறக்க முடியும்? அல்லாஹ் அவர்களுக்கு ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆகவே உறுதியாகச் சொல்கிறோம். பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தில் ஒரு பிள்ளையும் ஏறாது. பஸ் மட்டும்தான். விழா நடப்பது மழைக்கு முந்திய வறண்ட காலம். அப்படியும் வானம் கறுத்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. வாய்க்காலுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்காமல் பிள்ளைகள் போக மாட்டார்கள்.

"இதால விவசாயிக்கு என்ன லாபம்?" நேர்மையாகச் சொன்னால், கலை விழாவால் நெல் விலை ஏறாது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்த பிறகு பட்ட அடியிலிருந்து இன்னும் எழும்பாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பாய் தொங்கவிட்டு அவர்கள் கடனைத் தீர்க்க முடியாது. ஆனால் வயலில் கலை என்பது வேலையில்லாதவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக ஜப்பானின் இரண்டு இடங்களைச் சொல்கிறோம். அங்கே போனதில்லை, வாசித்துத் தெரிந்துகொண்டதுதான்.

வடக்கே அவோமோரி மாகாணத்தில் இனகடாத்தே என்ற நெற்கிராமம். அங்கே 1993இலிருந்து வயலிலேயே படம் 'நடுகிறார்கள்'. சாயம் கிடையாது. இலை ஊதாவாகவும் மஞ்சளாகவும் வளரும் பழைய நெல் வகைகளைப் பச்சை நெல்லோடு கணக்குப் பார்த்து நட்டால், பயிர் வளர வளரப் படம் எழும்புகிறது. முதலில் நட்டது தங்கள் ஊருக்குத் தெரியும் மலை ஒன்றை. கிராம அலுவலகக் கட்டடத்தின் மேலிருந்து பார்க்க இப்போது எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது.

இரண்டாவது, நீகாத்தா மாகாணத்து மலைப்பகுதியான எச்சிகோ-சுமாரி. கடும் பனி. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். படிப்படியாக வெட்டிய வயல்களில் முதியவர்கள் மட்டும். அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வயலிலும் காட்டிலும் கைவிட்ட வீடுகளிலும் கலை விழா நடக்கிறது. முதல் விழாவுக்குச் சோவியத் நாட்டில் பிறந்த இல்யா கபகோவ் என்ற கலைஞர், உழுவது முதல் அறுத்து விற்பது வரை விவசாயியின் வேலையைக் காட்டும் உருவங்களை ஒரு வயலில் நிறுத்தத் திட்டமிட்டார். வயல்காரர் மறுத்துவிட்டார். பரம்பரைக் காணிக்குள் இதையெல்லாம் வைக்க விட மாட்டேன் என்ற நிலை. நம் போடிமார் யாரும் அதைத்தானே சொல்வார்கள்! பிறகு அந்த வரைபடங்களைப் பார்த்து, தன் வேலையைத்தான் இந்த மனிதன் மதித்து வரைந்திருக்கிறான் என்று விளங்கி, சம்மதித்தார்.

ஆசிரியர்களான எங்களை அங்கே அதிகம் தொட்டது ஒரு பாடசாலை. பிள்ளைகள் குறைந்து குறைந்து மூடப்பட்ட ஆரம்பப் பாடசாலை அது. செய்சோ தஷிமா என்ற சித்திரக்கதை ஓவியர், அங்கே கடைசியாகப் படித்த மூன்று பிள்ளைகளைக் கதை மாந்தராக்கி, கரையொதுங்கிய மரத்துண்டுகளாலும் காய்களாலும் கட்டடம் முழுவதையும் நிரப்பினார். 2009இல் அது நூதனசாலையாகத் திறந்தது. மூன்றே பிள்ளைகள்! இன்னும் பிள்ளைகள் நிறைந்திருக்கும் நம் பாடசாலையை நினைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அதே நேரம், பிள்ளைகள் இருக்கும்போதே எதையாவது செய்துவிட வேண்டும் என்றும் நினைத்தோம்.

"இதுக்குப் பின்னால யார்? யார் காசு?" போன வருடம் நமக்கான செலவு கயிறு, பஸ், பகல் சாப்பாட்டுப் பார்சல். மூன்றையும் பெற்றாரும் நாங்களும்தான் பங்கு போட்டோம். இந்த வருடமும் அப்படியே. அந்த இனகடாத்தே கிராமத்திலேயே 2008இல் நாற்றுகளால் விளம்பரம் சேர்க்கப் பார்த்தபோது எதிர்ப்பு எழுந்து, அந்த நாற்றுகளைப் பிடுங்கிவிட்டார்களாம். நாமும் அப்படித்தான். எந்தக் கம்பனியின் பெயரும், எந்தக் கட்சியின் நிறமும், எந்த அமைப்பின் பதாகையும் அந்த வயலில் ஏறினால் நம் பிள்ளைகளை அன்றைக்கே திருப்பிக் கூட்டி வருவோம்.

இனி, நாங்கள் உண்மையில் சொல்ல வந்தது.

அந்த வட்டையின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1990க்குப் பிறகு எத்தனை பேர் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் இருந்தோம். அந்தப் பக்கத்தவர்களுக்கும் நம் ஊர் ரோட்டால் வர முடியாத காலம் இருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தவர்கள்கூட முகம் பார்க்காமல் போன மாதங்கள் இருந்தன. இரண்டு நாள் கலை விழா இதையெல்லாம் சரிப்படுத்தும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். காணிப் பிரச்சினை காணிப் பிரச்சினையாகவே இருக்கிறது. அது பேச்சுவார்த்தையிலும் கச்சேரியிலும் தீர வேண்டியது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நாம் போகாவிட்டாலும் அந்த விழா நடக்கும். மற்றப் பாடசாலைகள் போகும். வட்டையைப் பற்றி அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்து வைப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். அங்கே நம் பாய் இருக்காது, நம் சொல் இருக்காது, நம் மூத்தாப்பா கட்டிய கட்டு இருக்காது. அந்த மண்ணில் நாமும் தலைமுறை தலைமுறையாக உழுதோம் என்பதற்கு அங்கே ஓர் அடையாளமும் இருக்காது. யாரும் நம்மை வெளியேற்றியிருக்க மாட்டார்கள். நாமே வராமல் விட்டிருப்போம். பத்து வருடம் கழித்து "எங்கட வரலாற்ற மறைச்சிட்டாங்க" என்று இதே பேஸ்புக்கில் நாமே பதிவு போடுவோம்.

நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதுவது பிழை என்று அடிக்கடி சொல்கிறோம். அப்படியானால் நாம் எழுத வேண்டும். பங்கெடுப்பது என்பது கதிரையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவதில்லை. நம் கையால் ஒன்றைச் செய்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்து, "இது எங்கட, கேளுங்க சொல்றோம்" என்று பக்கத்தில் நிற்பது. நம் பிள்ளைகள் அந்த இரண்டு நாளும் அப்படி நின்றார்கள். வாயைத் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைகள், வருகிறவர்களுக்கு உப்பட்டி என்றால் என்ன, வக்கடை என்றால் என்ன என்று விளக்கினார்கள். பதினைந்து வருடம் வகுப்பறையில் கத்தியும் எங்களால் வரவைக்க முடியாத குரல் அது.

ஒரு முஸ்லிம் நடுகிற மரத்திலிருந்தோ விதைக்கிற பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். விவசாயம் நமக்குத் தொழில் மட்டுமில்லை. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் இப்போதுள்ள கேள்வி. வெயிலில் ஒரு நாள் நிற்காமல், கம்பு நட்டுக் கை சிராய்க்காமல் அது போய்ச் சேராது.

வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் மறுபடி கூடுகிறோம். பள்ளிவாசல் நிருவாகத்தையும் மௌலவிமாரையும் அழைத்திருக்கிறோம். உம்மாமார் கட்டாயம் வர வேண்டும், அவர்களுக்குத் தனி இடம் ஒழுங்கு செய்திருக்கிறோம். படம் எடுப்பது, தொழுகை, பயணம், என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது, எல்லாவற்றையும் அங்கே பேசி எழுதிக் கையெழுத்து வைப்போம். வேண்டாம் என்பவர்களும் வந்து முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒரு பெற்றார் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளையை வற்புறுத்த மாட்டோம். ஆனால் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்பவர் மற்றவர் பிள்ளையின் படத்தை வெட்டி அனுப்பாமல் இருக்க வேண்டும். அதுவும் அமானிதம்தான்.

கடைசியாக ஒரு செய்தி. விழா முடிந்ததும் பரணைக் கழற்றப் போனோம். பண்ணைக்காரர் விடவில்லை. பெரும்போகத்துக்குக் காவலுக்கு உதவும் என்றார். போன மாதம் சந்தையில் கண்டபோது விசாரித்தோம். மாரி மழையில் பாயெல்லாம் உக்கிப் போய்விட்டதாம். கால்கள் மட்டும் அப்படியே நிற்கிறதாம். "அந்த மூத்தவர் கட்டின கட்டு ஒண்டும் அவிழல்ல சேர். இந்த முறை இன்னும் அரை முழம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்க, பண்டி வாறது தெரியுதில்ல" என்றார்.

இதை அந்த மாணவியிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாய் யார் சேர் பின்னுவாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கான பதில் எங்களிடம் இல்லை. அவளுடைய வாப்பாவும் இந்தப் பதிவை வாசிப்பார் என்று நம்புகிறோம். காக்கா, வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க. முன்வரிசையில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.